அரைக் கையெழுத்து

ஆணிக்காரர் நகரத் தலைவர் ஆனதில் ஊருக்கு ஏற்பட்ட ஆச்சரியத்தைவிட அவருக்கு ஏற்பட்ட ஆச்சரியம்தான் பெரியது. முப்பத்தொரு வருஷம் ஆணி, திருகு, நட்டு, போல்ட், கீல், தாழ்ப்பாள் என்று மொத்த வியாபாரம் செய்தவர். மேடையில் ஏறியவர் இல்லை, மாலை போட்டுக்கொண்டவர் இல்லை. இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நடுவில் ஒரு வம்பு தும்பு இல்லாத ஆளை நிறுத்துவோம் என்று வியாபாரிகள் சங்கம் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டது. ஜெயித்தும் விட்டார். செய்தி வந்ததும் அவர் மனைவி கேட்ட முதல் கேள்வி, "இனிமே கடைச் சாவி யார்கிட்டங்க இருக்கும்?" என்பதுதான்.

சாவி தம்பியிடம் போனது. "நகராட்சி வேலைக்கு நம்ம கடையிலேருந்து ஒரு குண்டூசி போகக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தம்பி தலையாட்டினான். தம்பி எதற்கும் தலையாட்டுவான். அதை நம்பித்தான் பலரும் கெட்டுப்போனார்கள், அண்ணன் உட்பட.

கடையில் அவருக்கு இரண்டு கையெழுத்து உண்டு. லாரி வந்து மூட்டையை இறக்கியதும் டிரைவர் சீட்டை நீட்டுவார். அவருக்கு இருட்டுவதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டிய அவசரம். உடனே பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டு நீளமாக ஓர் இழுப்பு இழுத்துவிடுவார் ஆணிக்காரர். அதற்குக் கடையில் அரைக் கையெழுத்து என்று பெயர். மூட்டை வந்து சேர்ந்தது, இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். லாரி போன பிறகு சாவகாசமாக மூட்டையைப் பிரிப்பார், கையை விட்டு அளைவார், நாலைந்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். திருப்தியானால் முழுப் பெயரையும் எழுதுவார். முழுக் கையெழுத்து விழாத சரக்கு கிடங்கு வாசலைத் தாண்டாது. அவருக்குச் சரக்கு அனுப்பும் ஆலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது மனப்பாடம்.

நகராட்சியில் ஒருத்தருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. செருப்பை எந்தக் காலில் முதலில் மாட்டுவோம் என்று யாராவது ஊருக்கு அறிவிப்பார்களா?

பதவி ஏற்ற முதல் நாளே தலைமை எழுத்தர் ஒரு ஆள் உயரத்துக்குக் கோப்புகளைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். பழைய தலைவர்கள் ஒரு கோப்பைத் தொடவே ஒரு பருவம் ஆகும். இவரோ அடுக்கைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார், மளமளவென்று அரைக் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார். மூட்டை வந்து சேர்ந்துவிட்டது என்று அவர் கணக்கு. தேநீர் ஆறுவதற்குள் மேஜை காலி. தலைமை எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு தலைவரை அவர் கண்டதில்லை.

ஒரு மாதத்தில் அவருக்கு 'மின்னல் தலைவர்' என்று பட்டம் கிடைத்தது. பத்திரிகையில் படம் வந்தது. எதற்காக இவ்வளவு புகழ்கிறார்கள் என்று ஆணிக்காரருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் புகழ்ச்சி கசக்குமா? வாங்கி வைத்துக்கொண்டார். அதே சமயம், பிரித்துப் பார்த்து முழுக் கையெழுத்துப் போட அந்தக் கோப்புகள் எப்போது திரும்பி வரும் என்று காத்துக்கொண்டும் இருந்தார். நாலு மாதம் காத்திருந்தார். சர்க்கார் காரியம் மெதுவாகத்தான் நடக்கும் என்று ஊரே சொல்கிறதே, அதனால் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில்தான் பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஏங்க, நான் வந்த புதுசுல பார்த்த ஃபைலெல்லாம் எப்பத் திரும்பி வரும்?"

"அது எதுக்கு சார் திரும்பி வரணும்?" என்றார் தலைமை எழுத்தர்.

"முழுக் கையெழுத்துப் போட வேண்டாமா?"

"நீங்கதான் போட்டுட்டீங்களே சார்."

"அது வந்து சேர்ந்ததுக்குப் போட்டதுங்க. பார்த்ததுக்கு இன்னும் போடலையே!"

தலைமை எழுத்தர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவும் இல்லை. "எல்லாம் உத்தரவாகிப் போயிடுச்சு சார்" என்றார், பாதிக் குரலில்.

"எல்லாம்னா?"

"எல்லாமேதான் சார். முன்னூத்திப் பதினாலு."

ஆணிக்காரருக்குக் காது அடைத்துக்கொண்டது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தாழ்ப்பாளைக்கூடப் பார்க்காமல் விற்றதில்லை. இங்கே வந்து ஒரு ஊரையே பார்க்காமல் விற்றுவிட்டோமா என்று பதறினார். நகல்கள் அத்தனையும் கொண்டுவரச் சொன்னார். வருகிறவர்களையெல்லாம் வெளியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று நாள் படித்தார். சாக்கடை மூடி மாற்றியது, சரி. தெருவிளக்குக்குப் புது பல்பு, சரி. துப்புரவுப் பணியாளர் ஒருத்தருக்குப் பிரசவ விடுப்பு, நல்லது, நன்றாக இருக்கட்டும். முடிதிருத்தும் கடைக்காரர் பலகையை இரண்டு அடி நீட்டிக்கொள்ள அனுமதி, நீட்டிக்கொள்ளட்டும், யாருக்கு என்ன நஷ்டம். ஒவ்வொன்றாக மூட மூட ஒரு பிடி மூச்சு வெளியே வந்தது. வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கவில்லை. "திருடிட்டு வந்தவன் மாதிரி முழிக்கிறீங்களே, என்னங்க ஆச்சு?" என்று மனைவி கேட்டதற்கு, "திருடினேனா இல்லையான்னுதான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று பதில் சொன்னார்.

புதன்கிழமை மதியம், அடுக்கு கரைந்து அடி தெரிகிற நேரத்தில், அந்தக் கோப்பு வந்தது.

பெருஞ்சாலைக்குக் குறுக்கே கட்டிய இரும்பு நடைபாலம். வருஷத்துக்கு நாலைந்து பேரையாவது காவு வாங்கிக்கொண்டிருந்த சாலை அது. பாலம் திறந்த பிறகு ஒரு விபத்து இல்லை. திறப்பு விழாவில் ஆணிக்காரர்தான் கத்தரியால் நாடாவை வெட்டினார். முதல் பக்கத்தில், 'வேலை ஏற்கத்தக்கது, பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறக்கலாம்' என்று இருந்தது. கீழே அவருடைய அரைக் கையெழுத்து அழகாக வாலை நீட்டிக்கொண்டு கிடந்தது. அடுத்த பக்கத்தில் பொருள் பட்டியல். போல்ட் வாங்கிய இடம் என்ற கட்டத்தில் அவருடைய கடையின் பெயர்.

அந்தக் கட்டத்தில் விரலை வைத்து மறுபடியும் ஒரு தடவை படித்தார்.

கடை பெயர் இருந்ததுகூடப் பெரிதில்லை. எந்த போல்ட் என்பதுதான் அவரைக் கலக்கியது. பாரம் தாங்குகிற போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் குறிக்கும் எண் புடைத்து நிற்கும். எண் இல்லாததை மொட்டை என்பார்கள். போன வருஷம் ஒரு ஆலைக்காரன் தலையில் கட்டிய பன்னிரண்டு மூட்டை மொட்டையில் ஒன்றை ஆணிக்காரர் இடுக்கியில் வைத்து முறுக்கிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி திரும்பிக்கொண்டது. 'பாரம் தாங்காது' என்று மூட்டைகள் மேல் சுண்ணக்கட்டியால் எழுதி, வேலி போடுகிறவர்களுக்கு ஆகும் என்று மூலையில் அடுக்கிவிட்டார். முழுக் கையெழுத்துப் போடவில்லை. இப்போது பாலத்துக்குப் போனது அந்தச் சரக்காக இருந்தால்?

அந்தப் பக்கத்தோடு கோப்பை மூடிவிட்டுத் தம்பிக்கு போன் போட்டார். அவன் ரயிலில் மாமியார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். போன் எடுபடவில்லை. காருக்குக்கூடச் சொல்லாமல் இரண்டு தெரு தாண்டி நடந்தே கிடங்குக்குப் போனார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓடினார்.

மூலை காலியாக இருந்தது.

"இங்க இருந்த மொட்டை மூட்டையெல்லாம் எங்க?"

"அதுவா முதலாளி? பாலத்து கான்ட்ராக்டர் எடுத்துக்கிட்டுப் போனாரே. சின்ன முதலாளிதான் கொடுக்கச் சொன்னாரு" என்றார் கிடங்குக்காரர்.

"பாரம் தாங்காதுன்னு எழுதியிருந்தேனேய்யா!"

"எழுத்து அழியாமத்தான் இருந்துச்சு முதலாளி. அழிஞ்சிடக் கூடாதுன்னு நான்தான் பத்திரமாத் தூக்கி வண்டியில வெச்சேன்."

இந்தப் பதிலுக்கு மனிதன் அழுவதா சிரிப்பதா? ஆணிக்காரர் இரண்டும் செய்யவில்லை. ஆட்டோவைப் பிடித்தார்.

பாலத்தடியில் இறங்கும்போது மூன்றரை மணி. நாலு மணிக்குத் தையல் ஆலை விடும், பள்ளிக்கூடமும் விடும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஏறுவார்கள். படியேறி நடுப்பாலத்துக்குப் போனார். நடைதளத்தின் ஓரத்தில், காலுக்குப் பக்கத்தில் வரிசையாக போல்ட்டுகள். எல்லாவற்றின் மேலும் கெட்டியாகப் பச்சை பெயின்ட். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வீட்டுச் சாவியால் ஒன்றைச் சுரண்டினார். மொட்டை. அடுத்தது, மொட்டை. எதிர்ப் பக்கம் போய்ச் சுரண்டினார். அதுவும் மொட்டை. வேட்டி முழுக்கப் பச்சைத் தூள். கீழே லாரிகள் பறந்துகொண்டிருந்தன. எழுந்திருக்கக் கைப்பிடியைப் பிடிக்கப் போனவர், பயந்து கையை எடுத்துக்கொண்டார்.

படிக்குக் கீழே செருப்புத் தைப்பவர் ஒருவர் கடை விரித்திருந்தார். அவரிடம் போய், "பெரியவரே, உங்க பெஞ்சைக் கொஞ்சம் கொடுங்க, படியை அடைக்கணும்" என்றார்.

"என் பெஞ்சைக் கொடுத்துட்டு நான் எங்க உட்கார்றது?"

"இன்னிக்கு என் நாற்காலியில போய் உட்காருங்க. எனக்கு இனிமே அது தேவைப்படாதுபோலத்தான் இருக்கு."

செருப்புத் தைப்பவர் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் பெஞ்சைத் தூக்கிக் குறுக்கே போட்டார். எதிர்ப் பக்கப் படிக்குக் கயிறு கட்டியாயிற்று. ஆனால் பாலத்தை மூடினால் ஜனம் சாலையில்தானே இறங்கும்? போக்குவரத்துக் காவலரைக் கூப்பிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தச் சொன்னார். காவலர் ஒருத்தரால் முடியவில்லை. தலைவரே நடுச்சாலையில் இறங்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். லாரிக்காரர்கள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நாலு மணிக்கு ஆலைக் கூட்டம் வந்து சேர்ந்தது.

"ஏங்க மூடிட்டீங்க? என்ன ஆச்சு?"

'பராமரிப்பு வேலை' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்ல சொல். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். பொழுது போய்விடும், பதவியும் தப்பும். ஆனால் அந்தச் சொல்லும் பிரித்துப் பார்க்காத மூட்டைதானே என்று தோன்றியதும் அதை விழுங்கிவிட்டார்.

"நான் படிச்சுப் பார்க்காமக் கையெழுத்துப் போட்டுட்டேங்க" என்றார். "பாலம் பத்திரமா இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலை. தெரியுற வரைக்கும் யாரும் ஏற வேண்டாம்."

கூட்டம் பாலத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "மூணு மாசமா இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இது மேலதானேய்யா போறேன், வர்றேன்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியும்மா" என்றார். அவமானமாக இருந்தது. தேர்தலில் தோற்றால் வருகிற அவமானம் இல்லை. கெட்ட சரக்கைத் தெரிந்த முகத்துக்கு விற்றுவிட்டு அந்த முகத்தையே எதிரில் பார்க்கிற அவமானம்.

அப்போதுதான் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நகராட்சியின் உதவிப் பொறியாளர் இறங்கினாள். முப்பது வயது இருக்கும். தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே சத்தம் வந்தது.

"யாரு என் பாலத்தை மூடினது?"

"நான்தாம்மா."

"நீங்களா? எதுக்கு சார்?"

"போல்ட்டெல்லாம் மொட்டைம்மா. நானே சுரண்டிப் பார்த்தேன். என் கடைச் சரக்கு. பாரம் தாங்காது."

"எந்த போல்ட்டைச் சுரண்டினீங்க?"

"மேல, காலுக்குப் பக்கத்துல இருக்கிறது."

அவள் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். "அது ஓரத் தகட்டு போல்ட்டு சார். மேலேருந்து எதுவும் உருண்டு ரோட்டுல விழாம இருக்க ஒரு தகடு வெச்சிருக்கோம், அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. அதுல பாரமே இல்லை. பாரம் தாங்குற போல்ட்டு அடியில இருக்கு. வாங்க."

சாலை நடுவில் நிற்கும் தூணில் இரும்பு ஏணி ஒன்று உண்டு. தன் தலைக்கவசத்தை அவர் தலையில் மாட்டிவிட்டு அவள் முன்னால் ஏறினாள். அவர் பின்னால் ஏறினார். அறுபதை எட்டப்போகிற ஆள், ஏணியில் ஏறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உத்தரமும் தூணும் சேருகிற இடத்தில், கை விரல் தடிமனுக்கு இரட்டை வரிசையாக போல்ட்டுகள் இருந்தன.

"சுரண்டுங்க" என்றாள்.

சுரண்டினார். பெயின்ட் உரிந்தது. அடியில் எட்டு என்று ஓர் எண் புடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு புள்ளி, இன்னோர் எட்டு. விரலால் தடவிப் பார்த்தார். அடுத்ததைச் சுரண்டினார். எட்டு. அதற்கு அடுத்தது. எட்டு. எண்ணைத் தடவத் தடவ நெஞ்சில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்த கல் ஒன்று மெல்ல நகர்ந்தது. பத்தாவது போல்ட்டுக்குப் போனபோது அவருக்குக் கண் தெரியவில்லை. தண்ணீர் நிறைந்திருந்தது.

"போதும் சார். மறுபடி பெயின்ட் அடிக்கிறது நான்தான்" என்றாள் அவள்.

கீழே இறங்கித் தூணடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தம்பி போனில் வந்தான். "கூப்பிட்டிருந்தீங்களாண்ணே? அந்த மொட்டையா? நகராட்சிக்குத்தானே கொடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, நான் கான்ட்ராக்டருக்குத்தான் கொடுத்தேன்" என்றான். "நேர்ல வா, பேசிக்கலாம்" என்று அண்ணன் போனை வைத்தார். கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. அவ்வளவு நிம்மதி.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று கேட்டார்.

"முறுக்கிப் பார்த்தேன் சார். திரும்பிக்கிச்சு. ஓரத் தகட்டுக்கு மட்டும் வெச்சுக்கோ, மத்ததெல்லாம் வேற வாங்கிட்டு வான்னு கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். தலைவர் கடைச் சரக்கையே வேண்டாங்கிறியான்னு குதிச்சாரு. தலைவர் எதையும் கேக்காமக் கையெழுத்துப் போட்டுடுவாருன்னு சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் நம்பலை. கடைசிப் பக்கத்துல விவரமா எழுதினேன். போல்ட்டை மாத்தியிருக்கு, திறக்கறதுக்கு முன்னாடி தலைவர் நேர்ல வந்து ஒரு தடவை பார்க்கணும்னு எழுதியிருந்தேன். இன்னிக்காவது அதைப் படிச்சீங்களா சார்?"

கடைசிப் பக்கத்துக்கு அவர் போகவே இல்லை. இரண்டாம் பக்கத்தில் எழுந்து ஓடி வந்தவர்.

"இல்லம்மா" என்றார். "இன்னிக்கும் படிக்கலை."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க வெட்கமாகவும் இருந்தது.

"அரைக் கையெழுத்துப் போட்டேம்மா" என்று ஆரம்பித்து, கடைப் பழக்கத்தையும் நாலு மாதக் கூத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"முதல் தடவை என் ஃபைல் ஒரே நாள்ல திரும்பி வந்தப்ப சந்தோஷமா இருந்துச்சு சார். ரெண்டாவது தடவையும் அப்படியே வந்தப்ப பயம் வந்துடுச்சு. எனக்கு மேல பார்க்கறதுக்கு யாருமே இல்லைன்னு புரிஞ்சுது. அன்னியிலேருந்து எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்க்கிறேன். இந்தப் பாலத்தை மூணு தடவை பார்த்தேன்."

"நல்ல வேளை, நீ இருந்தே."

"நல்ல வேளைன்னு சொல்லாதீங்க சார். நீங்களும் இருந்திருக்கணும்."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டியதுதான் என்று அவருக்கும் தெரிந்தது. "இனிமே இருக்கேம்மா" என்றார்.

அவள் படிப் பக்கம் பார்த்துக் கையை அசைத்தாள். செருப்புத் தைப்பவர் பெஞ்சை இழுத்துத் தன் இடத்தில் போட்டுக்கொண்டார். எதிர்ப் பக்கம் காவலர் கயிற்றை அவிழ்த்தார். கூட்டம் சற்றுத் தயங்கி நின்றது. குழந்தையை வைத்திருந்த பெண் தூரத்திலிருந்தே தலைவரைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்று, ஏறலாம் என்று தலையை அசைத்தார். அவள் பொறியாளரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்ட பிறகுதான் முதல் படியில் கால் வைத்தாள்.

மேலே கால் சத்தம் கூடத் தொடங்கியது. இரும்புத் தளம் கணகணவென்று அதிர்ந்தது. தூண் அசையவில்லை.

"ஆபீஸுக்கு வர்றீங்களா சார்? ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடறேன்."

"எல்லாரும் போய் முடியட்டும்மா. விழுந்தா என் தலையிலயும் விழட்டும். கொஞ்ச நேரம் இங்கேயே, பாலத்தடியில நின்னுக்கறேன். பைத்தியக்காரத்தனமாத் தெரியுதா?"

அவள் ஸ்கூட்டர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"திறந்த அன்னிக்கு நீங்க மேல நாடா வெட்டினீங்க இல்ல சார்," என்றாள், "அப்ப நான் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்."